கூரை உள்ளேதான் இருக்கிறது

மழை வலுத்துக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இடக்கையில் குடையைப் பிடித்தபடி, வலக்கையின் ஆட்காட்டி விரலால் பதினேழாவது பொத்தானை அழுத்தினார்.

முந்தைய பதினாறும் சும்மா இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒன்று இருக்கையைச் சூடாக்கியது. இன்னொன்று பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் காது மடக்குவதுபோல் மடக்கியது. மற்றொன்றை அழுத்தியதும் ஒரு பெண்மணியின் குரல், அவருக்குத் தெரியாத மொழியில், மிகுந்த கண்டிப்புடன் ஏதோ சொன்னது. அவரும் மரியாதைக்காக "சரிங்க" என்றார். பதினேழாவது பொத்தானிலோ, சுற்றிலும் கதிர்கள் வீசும் ஒரு சிறு வட்டம் வரையப்பட்டிருந்தது. சூரியன்! கூரைக்கான பொத்தான் இதுவன்றி வேறு எதுவாக இருக்க முடியும்? அழுத்தினார். எதுவும் நடக்கவில்லை.

"என்னங்க, மூடுச்சா?" வாசலிலிருந்து மனைவி கேட்டார்.

"மூடப்போகுது. கொஞ்சம் யோசிக்குது."

"யாரு, வண்டியா நீங்களா?"

அவர் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார்.

மனைவி ஒரு மருத்துவமனையின் தலைமைச் செவிலி. வீட்டில் எதை வாங்குவது, எதை மாற்றுவது, எதைத் தூக்கிப் போடுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார். கணவர் தாமாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தது இதற்கு முன் ஒரே ஒரு முறைதான். அது ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சுவர்க் கடிகாரம். அது எதிர்த்திசையில் ஓடியது.

ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருட்டறைக்குள் அமர்ந்து, "இந்த எழுத்து தெரியுதுங்களா? இப்போ?" என்று கேட்டே காலம் கழித்தவருக்கு, திறந்த வானத்தின்கீழ் ஒரு நாளாவது காற்று வாங்கிக்கொண்டு கார் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எழுந்ததைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. "இந்த ஒண்ணை மட்டும் நான் பார்த்துக்கறேனே" என்று கேட்டார். மனைவியும் என்ன நினைத்தாரோ, தலையை அசைத்துவிட்டார்.

பழைய கார்களை வாங்கி விற்கும் தரகரிடம் இந்தக் கார் நின்றிருந்தது. மேகச் சாம்பல் நிறம், பெரிய வெளிநாட்டு நிறுவனத் தயாரிப்பு, தோல் இருக்கைகள். கடைக்காரர் கையோடு கொண்டுபோயிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் இருக்கையின் தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன்கண்ணாடிச் சட்டத்தின் இரு மூலைகளிலும், பின்னிருக்கையின் இரு தோள்களிலுமாக நான்கு வெள்ளி நிறப் பூண்கள் மின்னின. அவற்றின் வேலைப்பாட்டை அவர் வெகுவாக ரசித்தார்.

"கூரை?" என்று மட்டும் தயங்கிக் கேட்டார்.

"உள்ளதான் சார் இருக்கு. மடங்கிச் சமத்தா படுத்திருக்கு. இந்த வெயில்ல எதுக்கு அதை எழுப்பிக்கிட்டு?"

நியாயமாகத்தான் பட்டது. மேலும், எழுப்பிக் காட்டுங்கள் என்று வற்புறுத்துவது ஒரு மனிதரை முகத்துக்கு நேரே சந்தேகிப்பதாகும். அவர் நன்றி கூறி வாங்கிக்கொண்டார்.

இன்று திங்கட்கிழமை. வரும் ஞாயிறன்று மனைவியின் அண்ணன் மகளுக்குத் திருமணம். அந்த அண்ணன் கார் வாங்கிய செய்தியைக் கேள்விப்பட்டு ஏற்கெனவே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை, கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணும் பையனும் உங்க வண்டியிலதான் வீட்டுக்குப் போறாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பார்த்துக்குங்க, அந்தக் கடிகாரம் மாதிரி வண்டியும் பின்னாடியே போயிடப் போகுது!"

மழையில் நனைந்து வந்த கணவரிடம் துண்டை நீட்டியபடி மனைவி தம் தீர்ப்பைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை கல்யாணப் பொண்ணு நனையாம ஏறி நனையாம இறங்கணும். இல்லேன்னா இனிமே உங்க கைக்குட்டையைக்கூட நான்தான் வாங்குவேன்."

"இப்பவும் நீதானே வாங்கறே?"

"கலர் என்னன்னு உங்களைக் கேட்டுத்தானே வாங்கறேன்? அதுவும் கிடையாது."

அன்று மாலை அவர் காரின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். கூரையை மடக்குவது பற்றி ஒரு வரியும் இல்லை. 'கூரையின்மீது அதிக பாரம் ஏற்ற வேண்டாம்' என்று மட்டும் ஓரிடத்தில் இருந்தது. மடங்கி உள்ளே படுத்திருக்கும் கூரையின்மீது யார், எப்படிப் பாரம் ஏற்ற முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எச்சரித்திருக்கிறார்கள் போலும் என எண்ணி, அந்த நிறுவனத்தின் பொறுப்புணர்ச்சியை மெச்சினார்.

செவ்வாய்க்கிழமை கார் எலக்ட்ரீஷியன் வந்தார். பின்னிருக்கையைக் கழற்றினார், தரைவிரிப்பை உரித்தார், மாற்றுச் சக்கரத்தை வெளியே உருட்டினார். இரண்டு மணி நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"மோட்டாரைக் காணோம் சார்."

"காணோம்னா?"

"இருக்கும். பெரிய கம்பெனி வண்டியில்ல? நம்ம கண்ணுல படற மாதிரியா வைப்பான்?"

பிறகு, முன்மூலையிலிருந்த வெள்ளிப் பூண் ஒன்றை நெம்பினார். உள்ளே இரண்டு ஒயர்கள் முனை துண்டிக்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டிருந்தன.

"மாட்டிக்கிச்சு! இது மேல போற ஒயர் சார்."

"மேலே எங்க போகுது?"

இருவரும் ஒருசேர அண்ணாந்து பார்த்தார்கள். வானம் இருந்தது.

எலக்ட்ரீஷியன் சற்று நேரம் தாடையைத் தடவிவிட்டு, அந்த ஒயர்களை வேறு இரண்டு ஒயர்களோடு முறுக்கினார். கூரை எழவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. பின்னிருக்கையைத் திரும்பப் பொருத்தியபின் மூன்று திருகாணிகள் மிஞ்சின. "இதெல்லாம் எக்ஸ்ட்ரா சார், பத்திரமா வெச்சுக்குங்க" என்று அவற்றைக் கடைக்காரரின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனார்.

புதன்கிழமை கடைக்குப் போகும் வழியெல்லாம் பெரும் சங்கடம். முன்னால் செல்பவரை இடித்துவிடக் கூடாதே என்று பிரேக்கை மிதிப்பார், ஹாரன் அலறும், முன்னால் செல்பவர் திரும்பி முறைப்பார். மன்னிப்புக் கேட்கும் விதமாக இவர் கும்பிடுவார். கும்பிட வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் மறுபடியும் ஹாரன். போதாக்குறைக்கு நடுக்கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுவதும் பழைய கட்டில்போல் முனகியது. கடை வாசலில் ஓட்டுநர் கதவு வேறு பிடித்துக்கொண்டது. திறந்த கார்தானே என்று அவர் கதவின்மேல் ஏறிக் குதித்து இறங்கினார். அப்போது மட்டும் சற்று இளமையாக உணர்ந்தார்.

தரகரை அழைத்தார்.

"மன்னிக்கணும், தொந்தரவு பண்றேன். கூரை இன்னும் வரலீங்க."

"உள்ளதான் சார் இருக்கு. புது ஆளுங்ககிட்ட கொஞ்சம் கூச்சப்படும். பழகட்டும் விடுங்க."

வியாழக்கிழமை சோபா தைப்பவரை அழைத்து வந்தார். அவர் இரும்புக் கம்பிகளை வளைத்து நட்டு, தடித்த கித்தானை மத்தளத்தோல்போல் இழுத்துக் கட்டினார். தட்டினால் 'திம்' என்றது. மனைவிக்குக்கூடப் பிடித்துவிட்டது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். ரெண்டு மணிக்கு எனக்கு டியூட்டி."

தெருவைச் சுற்றி வந்து வாசலில் நிறுத்தினார்கள். மனைவி தம் பக்கக் கதவைத் திறக்க முயன்றார். அசையவில்லை. கணவர் தம் பக்கத்துக் கதவைத் தள்ளினார். அதுவும் அசையவில்லை.

"இதுக்கு முன்னாடி திறந்ததா?"

"நேத்துலேர்ந்தே கொஞ்சம் பிடிவாதம். நான் மேல ஏறிக் குதிச்சுடுவேன்."

"ஏறிக் குதிப்பீங்களா? இந்த வயசுலயா? சரி, இப்போ எங்க ஏறிக் குதிக்கிறது?"

இருவரும் கித்தானைப் பார்த்தார்கள். அவர் காலை ஊன்றிக் கதவைத் தோளால் இடித்தார். ஊன்றிய இடம் பிரேக்காக இருந்தபடியால் ஹாரன் விடாமல் ஒலித்தது. தெருவே கூடிவிட்டது. அவர் கண்ணாடி வழியே அனைவருக்கும் வணக்கம் தெரிவித்தார்.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வேண்டாம்மா. தைச்சவர் பார்த்தா மனசு கஷ்டப்படுவார்."

"நீங்க தலையைக் குனிங்க."

தேர்ந்த கைகள். ஒரே கீறலில் கித்தான் இரண்டாகப் பிளந்தது. தலைமைச் செவிலி இருக்கைமீது நின்று, வெள்ளைச் சீருடையோடு வெளியே எழுந்து, கூடியிருந்தவர்களை நோக்கி, "என்ன இங்க? வேலை இல்லையா உங்களுக்கு?" என்றார். தெரு காலியாயிற்று.

அன்று பணி முடிந்து வந்ததும் அவர் மிகவும் அமைதியாகப் பேசினார். அதுதான் அச்சமூட்டியது.

"இந்த வண்டி மடங்கவும் வேண்டாம், விரியவும் வேண்டாம். தகரத்தை வெச்சு ஒரேயடியா மூடச் சொல்லுங்க. எல்லா வண்டியும் போற மாதிரி இதுவும் போகட்டும். அண்ணன் முன்னாடி நான் தலைகுனிஞ்சு நிக்க மாட்டேன். உங்களையும் நிக்க விட மாட்டேன்."

கடைசி வாக்கியம் கணவரின் நெஞ்சைத் தொட்டது. ஆயினும் மீண்டும் இருட்டறைதானா என்று ஒரு கணம் நினைத்தார். "சரிம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை, ஊரின் ஓரத்திலிருந்த டிங்கர் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். அடிபட்ட வண்டிகளின் உடலைத் தட்டி நிமிர்த்தும் இடம். மழை பெய்துகொண்டிருந்தது. பட்டறையின் மூலையில் வளைந்த பெரிய தகரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் அடியில் ஆறு கோழிகள் சொட்டுக்கூட நனையாமல் உட்கார்ந்திருந்தன. கிழிந்த கித்தானுக்கடியில் குடை பிடித்திருந்த கடைக்காரர் அவற்றைச் சற்றுப் பொறாமையோடு பார்த்தார்.

டிங்கர் வெளியே வந்தார். காரைச் சுற்றி நடந்தார். முன்மூடியைத் தட்டி, "என்ன கண்ணு, எப்படி இருக்கே?" என்றார்.

கேள்வி தமக்கல்ல என்பது கடைக்காரருக்குப் புரிந்தது. இது அந்தத் தொழிலின் வழக்கம் போலும் என்று எண்ணி, வண்டி பதில் சொல்வதற்கு உரிய அவகாசம் தந்து மரியாதையாகக் காத்திருந்தார். பின்னர், தரகர், பொத்தான், எலக்ட்ரீஷியன், ஹாரன், கித்தான், கத்தரிக்கோல், திருமணம் ஆகிய அனைத்தையும் முறையாக எடுத்துரைத்தார்.

டிங்கர் முழுவதையும் கேட்டுவிட்டு, "மூடணும். அவ்வளவுதானே?" என்றார்.

"ஆமாங்க. நிரந்தரமா."

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"அளவு எடுக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

அளவெடுக்காமல் ஒரு மூக்குக்கண்ணாடிகூடப் பொருந்தாது என்று சொல்ல அவருக்கு நாவரை வந்தது. ஆனால் ஒருவருடைய தொழிலில் தலையிடுவது முறையல்லவே!

சனிக்கிழமை மாலை கணவனும் மனைவியும் பட்டறைக்குச் சென்றார்கள். காரைக் கண்டதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கூரை இருந்தது. ஒட்டுப்போட்டதாகத் தோன்றவில்லை, பிறவியிலேயே இருந்ததுபோல் இருந்தது. நான்கு வெள்ளிப் பூண்களைக் காணவில்லை. அந்த நான்கு இடங்களிலும் கூரையின் நான்கு கால்கள் இறங்கியிருந்தன. கடைக்காரர் உருப்பெருக்கியை எடுத்து நிறத்தை ஒப்பிட்டார். அதே மேகச் சாம்பல். ஒரு சாயல்கூட வேறுபாடில்லை.

மனைவி கதவைத் திறந்தார். சுலபமாகத் திறந்தது. மூடினார். 'டப்' என்று பூப்போல் மூடிக்கொண்டது. நம்ப முடியாமல் நான்கு முறை திறந்து மூடினார். இருவரும் ஏறி அமர்ந்தபின்னும் கதவுகள் அடம்பிடிக்கவில்லை. பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார்கள். முனகல் இல்லை. நடுக்கண்ணாடி சிலைபோல் நின்றது. பிரேக்கை மிதித்தார், ஹாரன் வாயைத் திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் சூரியன் பொத்தானை அழுத்தினார்.

தலைக்கு மேல் ஒரு சிறு விளக்கு எரிந்தது.

"அட, விளக்குங்க!" என்றார் மனைவி.

"விளக்குதான்" என்றார் அவர். ஏதோ ஒன்று விளங்குவதுபோல் இருந்தது, விளங்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு துளி விழவில்லை. மனைவி இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சும்மா சொல்லக் கூடாது. நல்ல வண்டிதாங்க இது. நாளைக்குப் பொண்ணு ராணி மாதிரி இறங்குவா. அண்ணன்கிட்ட நானே சொல்றேன், இது முழுக்க முழுக்க உங்க செலக்ஷன்னு."

விளக்கைவிடக் கணவரின் முகம் அதிகமாக ஒளிர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் கேட்காத சொற்கள். இந்த மகிழ்ச்சியோடு அப்படியே புறப்பட்டிருக்கலாம். ஆனால் நல்ல வேலைப்பாட்டைப் பாராட்டாமல் போவது அவர் இயல்பல்ல. பட்டறை மூலையில் ஆறு கோழிகளும் தொப்பலாக நனைந்தபடி நின்று இவரையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்தும் கவனிக்காமல், கண்ணாடியை இறக்கினார்.

"ஐயா, ஃப்ரேம் பொருத்தறதே என் தொழில். அளவே எடுக்காம இவ்வளவு கச்சிதமா பொருந்தினதை நான் பார்த்ததே இல்லைங்க. இந்தக் கூரையை எங்கதான் தேடிப் பிடிச்சீங்க?"

டிங்கர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க சார் தேடினேன்? போன வருஷம் உங்க தரகர் திறந்த கார் ஒண்ணு வேணும்னு வந்து நின்னப்ப, இதே வண்டியிலேர்ந்து நான்தானே இதை அறுத்தெடுத்தேன்!"