பெட்டிக்காரரின் டார்ச் விளக்கு

குறைகாட்டி என்றொரு இனம் இருக்கிறது. அடுத்தவர் குறையைக் காட்டுகிற ஆசாமி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வகை தெருவுக்கு நாலு பேர். அவர்களைப் பற்றி எழுதக் காகிதம் பற்றாது. நான் சொல்வது தன் குறையைத் தானே வலியக் காட்டும் இனம். சட்டை நன்றாக இருக்கிறதே என்றால் காலரைத் திருப்பி நைந்த இடத்தைக் காட்டும். சாப்பாடு பிரமாதம் என்றால், நீங்கள் கவனிக்காமலே விழுங்கிவிட்ட உப்புக் குறைவை எடுத்துச் சொல்லும். பாராட்டு என்பது அதற்கு விலாசம் மாறி வந்துவிட்ட பார்சல். பிரிப்பதற்குள் திருப்பி அனுப்பினால்தான் நிம்மதி.

இந்த இனத்தில் உயர்ந்த ரகம் ஒன்றைப் பார்க்க வேண்டுமா? ஏழு கைவினைஞர்கள் ஒரு பழைய தபால் நிலையக் கட்டடத்தில் கூட்டுறவாக நடத்தும் விற்பனைக்கூடத்துக்கு வியாழக்கிழமை போங்கள். ஆளுக்கொரு நாள் கடையைப் பார்த்துக்கொள்வது அங்கே ஏற்பாடு. வியாழன், பெட்டிக்காரர் முறை.

பெட்டிக்காரர் செய்வது சின்னச் சின்ன மரப்பெட்டிகள். ஓர் ஆணி கிடையாது. பலகையோடு பலகை பல் கோத்து நிற்கும். மூடியைச் சாத்தினால் உள்ளே இருக்கும் காற்று மெல்ல வழிகேட்டு வெளியேறும். அப்படிப்பட்ட கை. ஆனால் கை கட்டியதை எல்லாம் வாய் பிரித்துவிடும்.

விசித்திரம் என்னவென்றால், மற்றவர்களின் பொருள்கள் அதிகம் விற்பதும் வியாழக்கிழமைதான். கூடைக்காரம்மாவின் கூடையை எடுத்து அவர் புகழ ஆரம்பித்தால், கூடையே வேண்டாம் என்று வந்தவர்கூட இரண்டாக வாங்கிக்கொண்டு போவார். யாராவது நடு அலமாரிப் பக்கம் திரும்பி, அவருடைய பெட்டி ஒன்றைத் தொட்டுவிட்டால் தீர்ந்தது. அவர் கை சட்டைப்பைக்குப் போகும். பையில் ஒரு குட்டி டார்ச்.

"அழகா இருக்குங்க இது."

"தூரத்துலேருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். இங்க வாங்க, வெளிச்சம் அடிக்கிறேன். இந்த மூலை தெரியுதா? ஒரு மயிரிழை விலகியிருக்கு."

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இந்தாங்க, பூதக்கண்ணாடி."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பச்சைக் குழந்தையின் கன்னத்தில்கூடப் பள்ளமும் மேடும் தெரியும், பெட்டி எம்மாத்திரம்? வந்தவர் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கூடையோடு நடையைக் கட்டுவார். பெட்டிக்காரர் முகத்தில், உண்மையைச் சொல்லிவிட்ட நிறைவும், உள்ளுக்குள் என்னவோ அறுந்த வலியும் ஒருசேரத் தெரியும். விற்காத பெட்டிகள் வீட்டுக்குப் போகும். கடுகு ஒரு பெட்டியில், பொத்தான் ஒரு பெட்டியில், செத்துப்போன பேட்டரி ஒரு பெட்டியில் என்று அவர் மனைவியும் சமாளித்துப் பார்த்தார். போன மாதம், பெட்டிகளைப் போட்டு வைக்க ஒரு பெரிய பெட்டி செய்து தரச் சொன்னார்.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் கூட்டுறவில் ஒரு விதி இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு பொருள்கூட விற்காத உறுப்பினர் தன் அலமாரித் தட்டைக் காலி செய்து, காத்திருக்கும் ஆளுக்குக் கொடுக்க வேண்டும். காத்திருந்தவர் ஒரு சோப்புக்காரர். வாரம் தவறாமல் வந்து, 'சும்மா பார்த்துட்டுப் போறேன்' என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்காரரின் தட்டை டேப் வைத்து அளப்பார். தட்டு வளர்ந்தா விடப்போகிறது?

சிரிக்காதீர்கள். பெட்டிக்காரர் முப்பது வருஷம் ஒரு கிடங்கில் ஊரார் சரக்குக்குக் காவல் இருந்தவர். அவர் பேர் எழுதி ஒட்டிய இடம் என்று இந்த உலகத்தில் அந்த ஒரு தட்டுதான் உண்டு. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, யாரும் பார்க்காதபோது அந்தப் பேர்ச்சீட்டைத் துடைப்பார். அது போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கெடுவின் கடைசி நாளும் ஒரு வியாழக்கிழமையாகவே வந்து தொலைத்தது. கூடைக்காரம்மா விடிந்ததும் வந்து கை நீட்டினார்.

"அண்ணே, டார்ச்சைக் குடுங்க. பூதக்கண்ணாடியையும் குடுங்க. இன்னிக்கு ஒருநாள் வாயைத் திறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கொடுத்தார். ஆனால் ஆள்காட்டி விரலை யாரால் வாங்கி வைக்க முடியும்? மதியத்துக்குள் இரண்டு பேரிடம் நகத்தாலேயே இடைவெளியைக் காட்டி அனுப்பிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயை மூடிக்கொண்டும் கெட்டார்.

நாலு மணிக்குக் குடையோடு ஓர் அம்மாள் வந்தார். உயரம், நரைத்த தலை, அவசரமில்லாத நடை. சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து, திறந்து, மூடி, மூடியின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பெட்டிக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"மூடி கொஞ்சம் சரியா உக்காரலைங்க."

அந்த அம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஆமா, உக்காரலைதான். மரமும் கொஞ்சம் மட்டம் போலிருக்கே."

பெட்டிக்காரரின் காது மடல் சிவந்தது.

"என்னது? எங்க உக்காரலை? குடுங்க இங்க!" பெட்டியைப் பிடுங்கினார். "இந்த ரசீதுத் தாள் நுழையட்டும், பார்ப்போம்! நுழையுதா? நுழையாது! மட்ட மரமாம்! நாலு வருஷம் நிழல்ல காய வச்ச மரம்மா இது!" செருப்பைக் கழற்றினார். பெட்டியைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்றார். எண்பது கிலோ. பெட்டி முனகக்கூட இல்லை.

"சரி," என்றார் அந்த அம்மாள். "கட்டிக் குடுங்க."

"தரமாட்டேன்! மட்டம்னு சொன்னவங்களுக்கு என் பெட்டி கிடையாது!"

மூலையில் நின்ற சோப்புக்காரர் முகம் மலர்ந்தது. ஆனால் கூடைக்காரம்மா அதற்குள், "அண்ணே, இறங்குங்க," என்று அவரைப் பெட்டியிலிருந்து இறக்கி, பெட்டியைக் காகிதத்தில் சுற்றி, அந்த அம்மாள் கையில் திணித்து, ரசீதும் போட்டுவிட்டார்.

அந்த அம்மாள் படி இறங்கிய பிறகுதான் பெட்டிக்காரருக்குச் சுயநினைவு வந்தது. கூடவே பழைய புத்தியும் வந்தது. சட்டைப்பையில் இல்லாத டார்ச்சைத் துழாவியபடி பின்னால் ஓடினார்.

"அம்மா, ஒரு நிமிஷம்! மூலையில ஒண்ணைக் காட்டாம விட்டுட்டேன்..."

"மூலையில ஒண்ணுமில்லைங்க. மூடியும் நல்லாத்தான் உக்காருது. அப்பவே பார்த்துட்டேன்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எங்க வீட்டுக்காரர் பாட்டு வாத்தியார். ஒவ்வொரு தடவை பாடி முடிச்சதும் 'இன்னிக்குக் குரல் சரியில்லை'ம்பார். 'இல்லைங்க, நல்லாத்தான் இருந்தது'ன்னு இருபது வருஷம் சொன்னேன். நம்பலை. ஒருநாள் அலுத்துப்போய் 'ஆமா, சரியில்லைதான்'னு சொல்லிட்டேன். முதல்லேருந்து மொத்தத்தையும் பாடிக் காட்டிட்டுத்தான் சாப்பிட உக்கார்ந்தார்." குடையை விரித்தார். "நல்ல கைங்க உங்களுக்கு. வரேன்."

பெட்டிக்காரர் வாசலிலேயே நின்றார். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே வந்தபோது சோப்புக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தட்டில், பெட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. சுற்றியிருந்த தூசியைப் பெட்டிக்காரர் துடைக்கவில்லை.

"பார்த்தீங்களா அண்ணே, வித்துடுச்சு!" என்றார் கூடைக்காரம்மா.

"வித்தது சின்னதுதானே," என்றார் பெட்டிக்காரர்.

உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்களா? போன வாரம் விருந்தாளி ஒருவர் 'வீடு என்ன சுத்தமா இருக்கு!' என்றபோது, அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒட்டடையைக் காட்டிக் கொடுத்தது யார்? என்னைக் கேட்காதீர்கள். நான் அந்த ரகமே இல்லை. இந்தக் கட்டுரை மட்டும் அவ்வளவு சரியாக வரவில்லை. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, சோப்புக்காரரை இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் நம்பப்போவதில்லை. ஆனால், ஆமாம், சரியில்லைதான் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.