நான்தான் சார் அவர்

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தாள். அவளை ஒரு பத்திரிகை 'அது' என்று எழுதிவிட்டது. நடந்த அநியாயம் இவ்வளவுதான்.

இதில் என்ன அநியாயம், தேவாங்கை 'அது' என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வதாம் என்று இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடிவர வேண்டாம். அதே பத்திரிகை கரடியை 'அவர்' என்றுதான் எழுதியது. முள்ளம்பன்றியையும் 'அவர்' என்றது. எந்த இதழையும் முழுசாகப் படித்திராத நீர்நாயைக்கூட 'அன்னார்' என்றது. அஃறிணை என்றால் காட்டில் எல்லோரும் அஃறிணையாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒருத்திக்கு மட்டும் அஃறிணை என்றால் அதற்குப் பெயர் இலக்கணம் இல்லை, கொழுப்பு.

தேவாங்கின் பெயர் நெடுங்கண்ணி. பலாமரத்தில் குடியிருந்தாள். வானத்தைப் பார்ப்பதும் வம்புக்கு நிற்பதும் அவளுக்குப் பிடித்த இரண்டு வேலைகள். முதல் வேலைக்கு வானம் கிடைத்தது. இரண்டாவதற்குத்தான் சரியான ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் 'வால்மீன்' வந்தது.

'வால்மீன்' அந்தக் காட்டின் முதல் விஞ்ஞானக் கதைப் பத்திரிகை. ஆசிரியர் மரங்கொத்தியார். அவரே பட்டையில் எழுத்தைக் கொத்தி, நாவல்பழச் சாறு தடவி, தேக்கிலையில் அழுத்தி எடுப்பார். அவருடைய நட்சத்திர எழுத்தாளர் கரடியார். கரடியார் விட்டதெல்லாம் கதையாயிற்று. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அந்த வகைக் கதைக்கு அதுதானே மூலதனம்.

ஆனால் பத்திரிகையைக் கதைக்காக யார் வாங்கினார்கள்? கடைசிப் பக்கத்து 'வாசகர் ஊளை'க்காகத்தான் வாங்கினார்கள். நெடுங்கண்ணியின் தோழி இருளாயி என்கிற வௌவால், எதையும் தலைகீழாகப் படிக்கிறவள், ஊளையிலிருந்தே ஆரம்பித்து ஊளையிலேயே முடித்துக்கொள்வாள்.

"கேளுடி," என்று கிளையில் தொங்கியபடி வாசிப்பாள். "முள்ளம்பன்றி எழுதியிருக்கார்: 'சென்ற இதழ் அட்டையில் யானை ஒன்று வியாழனை முட்டும் படம் பிரமாதம். உள்ளே முட்டியது என் தலை மட்டும்தான்.' அதுக்கு ஆசிரியர் பதில்: 'தலைக்கு உள்ளே ஏதும் சேதமில்லை என்று நம்புகிறோம், இருந்தால்தானே சேதமாகும். ஆ-ர்.'"

"அடுத்தது?"

"நீர்நாய். போன தடவை எழுதினதேதான். 'பத்திரிகைக்கு வால்மீன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வால் தெரிகிறது. மீன் எங்கே?'"

"பதில்?"

"'மீன் அடுத்த இதழில்.'"

இருவரும் சிரித்துச் சிரித்துக் கிளை ஆடும். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஜீவன்கள் இப்படி உரிமையோடு திட்டிக்கொள்வதைப் பார்க்க நெடுங்கண்ணிக்கு ஏக்கமாக இருக்கும். அந்தச் சபையில் நமக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பாள். பாராட்டெல்லாம் அவளுக்கு வேண்டாம். தன்னையும் யாராவது பெயர் சொல்லி வம்புக்கு இழுக்க வேண்டும். வேறெதையும் அவள் அந்தப் பத்திரிகையிடம் கேட்கவில்லை.

வாய்ப்பைக் கரடியாரே கொடுத்தார்.

அந்த இதழில் அவர் 'அமாவாசைப் பயணம்' என்றொரு கதை விட்டிருந்தார். வீரக்கரடி ஒருவர் தேனில் ஓடும் ராக்கெட்டில் நிலாவுக்குப் போகிறார். பௌர்ணமியில் போனால் கண் கூசும் என்று புத்திசாலித்தனமாக அமாவாசையில் கிளம்புகிறார். போய்ப் பார்த்தால் அங்கே நிலா இல்லை! வெறும் வெளியைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணீரோடு திரும்புகிறார். காடே அழுதது.

நெடுங்கண்ணி அழவில்லை. ஓர் இலையை எடுத்து நகத்தால் கீறினாள்.

"ஆசிரியர் அவர்களுக்கு, அமாவாசையன்று நிலா லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவதில்லை. அங்கேயேதான் இருக்கிறது. வெயில் படுகிற பக்கம் அந்தப் புறமாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கதாநாயகர் அழுதுகொண்டு திரும்பியிருக்க முடியாது; நிலாவில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டிருப்பார். கரடியார் அடுத்த முறை தேனைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எழுதட்டும். இப்படிக்கு, நெ.க., பலாமரம்."

கடிதம் ஓர் எழுத்துக்கூடக் குறைக்கப்படாமல் வெளிவந்தது. ஊளைப் பகுதி பற்றிக்கொண்டது.

"நெ.க. அவர்களின் கருத்தை நான் மூர்க்கமாக எதிர்க்கிறேன்," என்று முள்ளம்பன்றியார் எழுதினார். "ஆனால் என்ன நடை, என்ன துணிச்சல்! இவர் கட்டாயம் ஒரு சிறுத்தையாகத்தான் இருப்பார்." கரடியாரே பதில் எழுதினார்: "நெ.க. என் மூக்கை உடைத்துவிட்டார். உடைத்த கை வாழ்க." அதன் கீழே ஆசிரியர்: "நெ.க. அவர்கள் சொன்னதே சரி என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவோம். ஆ-ர்."

அந்த இதழை நெடுங்கண்ணி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். தமிழில் ஒரு வசதி பாருங்கள், 'நான் எழுதினேன்' என்றால் எழுதியது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அந்த வசதி நேரில் போய் நிற்கும் வரைதான்.

திருத்தம் வருவதற்குள் வாசகர் சந்திப்பு வந்தது. ஆற்றங்கரை நீர்மருத மரத்தடியில், சாயங்காலம். நெடுங்கண்ணி இருளாயியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மரங்கொத்தியார் எதிரே வந்து வரவேற்றார். "வாம்மா, வா. எந்த மரம்?"

"பலாமரம் சார்."

"அடடே! நெ.க. இருக்கிற மரம்! அவர் வரலையா? உனக்கு அப்பாவா, அண்ணனா?"

"நான்தான் சார் நெ.க."

"சந்தோஷம்மா. அவர் எப்ப வருவார்?"

"நான்தான் சார் அவர்."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முள்ளம்பன்றியாருக்கு முள்ளெல்லாம் ஒரு தரம் எழுந்து மறுபடி படுத்தது. பாவம், சிறுத்தைக்கென்று முன்வரிசையில் அகலமாக இடம் பிடித்து வைத்திருந்தார்.

கரடியார்தான் முதலில் சமாளித்தார். "கையெழுத்து ஆம்பளைக் கையெழுத்து மாதிரி இருந்ததேம்மா?"

"நகத்தால கீறினேன் சார். நகத்துல ஆம்பளை நகம், பொம்பளை நகம்னு இருக்கா?"

"கோவப்படாதே. இந்த நிலா சமாச்சாரமெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்லை. நானே பார்த்தேன்."

"அமாவாசையில நிலா தெரியாதே! தெரியாததை எப்படிப் பார்த்தே?" என்று கரடியார் கேட்க, சபை சிரித்தது. அவளுடைய அதே வாதத்தை இலையில் படித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

நெடுங்கண்ணி விடவில்லை. "சரி சார், சூரிய கிரகணம் எந்தத் திதியில வருது? அமாவாசையிலதானே? அன்னைக்குச் சூரியனை மறைக்கிறது யாரு, உங்க மாமாவா?"

இது நியாயமாக அவர்கள் வாயை அடைத்திருக்க வேண்டிய கேள்வி. மரங்கொத்தியார் வேறு பக்கம் பார்த்தார். முள்ளம்பன்றியார்தான் கைகொடுத்தார்.

"கிரகணத்தன்னைக்குப் பொம்பளைங்க வெளியே வரக்கூடாதே. நீ எப்படிப் பார்த்தே?"

"அதானே!" என்றது சபை ஒரே குரலில். விவாதம் அத்துடன் முடிந்துவிட்டதாக எல்லோருக்கும் நிம்மதி. நீர்நாயார் மட்டும் நெடுங்கண்ணியின் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, நீயாவது மீன் கொண்டுவந்தியா?"

அடுத்த இதழில் திருத்தம் வரவில்லை. இது வந்தது:

"நெ.க. என்ற பெயரில் எழுதியது ஒரு தேவாங்கு என்று தெரியவருகிறது. அது நிலாவைப் பற்றி ஏதோ சொல்கிறது. அதற்கு நிலா பிடிக்கும் போலும். இனி அது நமது 'மகளிர் பொந்து' பகுதிக்குப் பூச்சி வறுக்கும் குறிப்புகள் எழுதி அனுப்பினால் மகிழ்வோம். ஆ-ர்."

நெடுங்கண்ணி அதை ஒரு தரம் நேராகவும், இருளாயியின் பக்கத்தில் தொங்கி ஒரு தரம் தலைகீழாகவும் படித்தாள். எப்படிப் படித்தாலும் 'அது' என்றுதான் இருந்தது.

"போன மாசம் 'அவர்'. இந்த மாசம் 'அது'. நடுவுல நான் என்னடி பண்ணேன்? நேர்ல போனேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான். போகாம இருந்திருக்கலாம்," என்றாள் இருளாயி. "சரி விடு. 'அவ'ன்னு போட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"நீ என்னை 'அவ'ன்னு சொல்லு, 'சனியன்'னு சொல்லு, ஒண்ணும் இல்லை. அவங்க கரடிக்கு என்ன போடறாங்களோ அதை எனக்கும் போடணும். 'நெடுங்கண்ணி சரியாகச் சொன்னார்.' மூணே வார்த்தை. அது அச்சில வர்ற வரைக்கும் நான் விடமாட்டேன்."

எழுதினாள். வாதம் வாதமாக எழுதினாள். ஒன்றுகூட வெளிவரவில்லை. 'இடமின்மை காரணமாக' என்று மரங்கொத்தியார் சொல்லியனுப்பினார். அந்த இதழில் நீர்நாயாரின் மீன் கேள்விக்கு மட்டும் அரைப்பக்கம் இடம் இருந்தது.

அப்போதுதான் நெடுங்கண்ணிக்கு அந்த யோசனை வந்தது. தான் சிக்கிய அதே வலையில் அவர்களையும் சிக்கவைத்துக் காட்டுவது. அந்தக் காட்டிலேயே ஆகப் பெரிய அபத்தம் எதுவோ அதை யோசித்து, அதன் கீழே ஓர் ஆண் பெயரைப் போடுவது. அவர்கள் அதைப் போற்றுவார்கள். உடனே குட்டை உடைக்க வேண்டியது. வெட்கப்பட்டுத் திருத்தம் போட்டுத்தானே ஆக வேண்டும்?

"வெட்கமா? அவங்களா?" என்றாள் இருளாயி.

"நீ சும்மா தொங்கு," என்று சொல்லிவிட்டு நெடுங்கண்ணி எழுதினாள்:

"ஐயா, அமாவாசையன்று நிலா கரைந்துவிடுகிறது. கரைந்த நிலாவே விடியற்காலையில் புல்லின் மேல் பனித்துளியாக விழுகிறது. நக்கிப் பார்த்தேன், நிலா ருசிதான். இப்படிக்கு, நெடுங்கண்ணன்."

எழுதி முடித்ததும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. இவ்வளவு முட்டாள்தனமாக எழுதினால் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்தாள். வீண் பயம். கடிதம் அட்டையில் வந்தது.

"நெடுங்கண்ணனார் ஒரு யுகப்புரட்சியைத் தொடங்கிவைத்திருக்கிறார்," என்று எழுதினார் கரடியார்; கையோடு 'பனித்துளிப் பயணம்' தொடர்கதையையும் ஆரம்பித்தார். முள்ளம்பன்றியார் 'நெடுங்கண்ணனார் வாசகர் வட்டம்' தொடங்கினார். வட்டத்தார் விடியற்காலையில் வரிசையில் நின்று புல்லை நக்கிவிட்டு, ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். "நிலா கரைந்தால் அதிலிருக்கும் மீன்கள் என்னாகும்?" என்று நீர்நாயார் கேட்க, "அரிய கேள்வி. நெடுங்கண்ணனார்தான் விளக்க வேண்டும்," என்று ஆசிரியர் அடிபணிந்தார்.

நெடுங்கண்ணி விளக்கினாள். அந்த மீன்கள்தான் விண்மீன்களாகச் சிதறுகின்றன என்று விளக்கினாள். இன்னொரு மடலும் எழுதினாள், அதற்கடுத்து இன்னொன்று. "நெடுங்கண்ணனார் கூறுகிறார்," "நெடுங்கண்ணனார் மறுக்கிறார்," "நெடுங்கண்ணனாருக்கு இம்முறை கோபம் வந்துவிட்டது" என்றெல்லாம் ஊளைப் பகுதி அவளைச் சுற்றியே ஓடியது.

"உனக்கு இது பிடிச்சுப்போச்சு, இல்ல?" என்று இருளாயி மெதுவாகக் கேட்டாள்.

"போடி."

"குட்டை எப்ப உடைக்கப்போறே?"

நெடுங்கண்ணி அடுத்த கிளைக்கு நகர்ந்தாள். பிடித்துத்தான் இருந்தது. அந்தச் சபையில் அவள் கேட்ட இடம் கிடைத்துவிட்டது. அவள் மட்டும்தான் அதில் இல்லை. சொன்ன உண்மைக்கு 'அது', விட்ட புளுகுக்கு 'ஆர்' என்று நினைத்தபோது அவளுடைய பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. அன்று சாயங்காலமே ஓர் இலையைக் கீறி எடுத்துக்கொண்டு மரங்கொத்தியாரின் மரத்துக்குப் போய் நின்றாள்.

"சார், இதை என் கண் முன்னாடி கொத்தணும். ஒரு எழுத்து குறையக்கூடாது."

மரங்கொத்தியார் வாங்கிப் படித்தார். "நெடுங்கண்ணன் என்று ஒருவர் இல்லை. அந்தப் பெயரில் எழுதியதும் நான்தான். நிலா கரையாது. பனித்துளி வெறும் தண்ணீர். நீங்கள் எதையும் நம்புவீர்கள், ஒரு பெண் சொன்னால் மட்டும் நம்பமாட்டீர்கள் என்று காட்டவே அப்படி எழுதினேன். அமாவாசையன்றும் நிலா அங்கேயே இருக்கிறது. 'நெடுங்கண்ணி சரியாகச் சொன்னார்' என்று இப்போதாவது ஒரு வரி போடுங்கள். இப்படிக்கு, நெடுங்கண்ணி என்கிற நெ.க. என்கிற நெடுங்கண்ணன், பலாமரம்."

இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "போடறேன்மா," என்றார், ரொம்ப அமைதியாக. "அப்படியே போடறேன்." அவள் கண் முன்னாலேயே கொத்தினார். ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. நெடுங்கண்ணி கூடவே நின்று எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துவிட்டு, ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

இதழ் வந்தது. முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி, முழுக் கடிதமும் இருந்தது. அதன் கீழே ஆசிரியரின் பதிலும் இருந்தது:

"தம்மை ஒரு பெண் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நெடுங்கண்ணனார் தன்னடக்கம் உடையவர் என்பது இத்தனை நாளாக நமக்குத் தெரியாமல் போயிற்று. அன்னாரின் பெருந்தன்மையைப் பார்த்தாவது அந்தத் தேவாங்கு திருந்தட்டும். ஆ-ர்."

நீதி: அமாவாசையன்று நிலா இருக்கிறதா இல்லையா என்பதை வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, சொன்னவருக்கு என்ன விகுதி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.