தண்ணீரை ஊறப்போட்ட மேஸ்திரி

ஆம்பூர்
14-3-1934

அன்பும் கனமும் நிறைந்த சாமுவேல் அண்ணனுக்கு, தங்கை லீதியாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். நீங்கள் இரவல் தந்த கார் மட்டும் நடுவில் சுகமில்லாமல் போய், இப்போது தேறிவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியை வேலைக்கு என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? இருபது வருஷமாக உதவி ஆசிரியையாகவே இருக்கிறவளுக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது. காரை ஓட்டுகிறேன் என்று முன்வந்தவர் என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான் தானியேல். தோல் பதனிடும் ஷாப்பில் ஊறல் தொட்டி மேஸ்திரி அல்லவா, உலகத்தில் எதுவும் போதிய நாள் ஊறினால் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. நான் கோபித்துக்கொண்டால் இரண்டு நாள் பேசாமல் விட்டுவைப்பதும் அந்த முறைப்படிதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே ஒரு தோல் வில்லையை வைத்திருக்கிறார். நடுவில் மிளகு நுழையும் அளவுக்கு ஒரு துளை. தண்ணீர் அவசரப்படாமல் போய் நிதானமாக ஆறட்டும் என்று. என்னிடம் மூச்சுவிடவில்லை.

பள்ளிகொண்டா தாண்டியதும் எஞ்சின் மூடிச் சந்தெல்லாம் ஆவி. இவர் இறங்கி ரேடியேட்டரைத் தொட்டு, "ஜில்லுனு இருக்குது, பாரு" என்றார். பொய்யில்லை, அது ஜில்லென்றுதான் இருந்தது. ஒரு முழம் தள்ளி எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பாலாற்றில் மணலைத் தவிர ஒன்றுமில்லை, மணி ஒன்பதேகால், நான் பட்டுப்புடவையோடு சாலையோரத்தில் நின்று கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டிருந்தபோது வாணியம்பாடி பஸ் வந்து நின்றது. அதை ஓட்டும் அப்துல் ஹமீத் பாய் ரேடியேட்டரைத் தொட்டார், எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார், சூடு தணியவிட்டுக் குழாயைக் கழற்றி வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, தண்ணிய ஊறப் போட்டுட்டீங்களா?"

பஸ்ஸே சிரித்தது.

"தோலு நின்னாதான் பதமாவும். தண்ணி ஓடணும். அங்க சூட்ட வாங்கிக்கினு இங்க வந்து காத்துல உட்டுட்டு, மறுபடி போவணும். நீங்க நடுவுல கதவ சாத்திட்டீங்க."

தம்மிடமிருந்த தண்ணீரை ஊற்றி அனுப்பிவைத்தார். நான் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். கமிட்டியார் முகத்தை இறுக்கிக்கொண்டு, நேரே வகுப்புக்குப் போய் ஏதாவது பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். பாய் என்னிடம் கொடுத்த அந்த வில்லை கைப்பையில் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, பாய் சொன்னதையே பலகையில் படம் போட்டு விளக்கி, தண்ணீரை ஊறப்போட்ட ஒரு மேஸ்திரியின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள், கமிட்டியாரும் சிரித்துவிட்டார்கள், வேலை எனக்கென்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வெளி வராந்தாவில் உங்கள் மச்சான் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

தெரியாத விஷயத்தில் கைவைக்க வேண்டாமென்று நீங்கள் அவருக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் சொல்லுக்குத்தான் அடங்குவார். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் சமாதானம் தங்குவதாக.

இப்படிக்கு,
லீதியாள்

பி.கு.: உறையை ஒட்டுமுன், இந்த யோசனை எங்கே கிடைத்தது என்று அவரைக் கேட்டேன். உள்ளே போய் என் பாடக்குறிப்பு நோட்டைக் கொண்டுவந்து பிரித்து வைத்தார். என் கையெழுத்தேதான்: 'தண்ணீர் மெதுவாக ஓடினால் ஒவ்வொரு படித் தண்ணீரும் கூடுதல் சூட்டை வாங்கிக்கொள்ளும்.' பக்கம் அதோடு முடிகிறது. 'ஆனால் ஓடும் தண்ணீரே குறைந்துபோவதால் மொத்தத்தில் எஞ்சின் ஆறாது' என்பது அடுத்த பக்கம். அந்தத் தாள் நோட்டில் இல்லை, கிழித்த ஓரம்தான் இருக்கிறது. போன மாதம் கார் கேட்டு உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, கண்டிப்பை எனக்கே எழுதுங்கள். அந்தத் தாளையும் கூடவே வைத்து அனுப்புங்கள்; அவருக்கு மீதியையும் படிக்க வேண்டுமாம்.