மதகுக்கு மீசை முளைத்த கதை

ஒட்டு மீசைக்கு ஆயுள் இரண்டு மணி நேரம்தான். உத்திரமேரூர் வட்டாரத்தில் இதை அனுபவித்து அறிந்த ஒரே பெண் நான்.

அப்போது எம்.ஏ. வரலாறு கடைசி வருடம். நூறு வருடத்துக்கு முந்தைய கல்லூரி மாணவர்களின் பொதுநலப் பணிகள்தான் என் ப்ராஜெக்ட். அவர்கள் லீவுக்கு ஊர் வந்தால் ஜனங்களுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினார்களாம், ஊர்க்குறைகளை மனுவாக எழுதினார்களாம். (நான் லீவுக்கு வந்தால் என்னை எழுப்புவதே வீட்டில் ஒரு பொதுப் பிரச்சினை.) நான் எழுதியதைப் பேராசிரியர் இரண்டு முறை திருப்பிவிட்டார்.

"எல்லாம் புத்தகத்தைப் பார்த்து எழுதினது. ஜனங்க முன்னாடி நடிச்சுக் காட்டு. இதுலயும் தேறலைன்னா டிகிரி அடுத்த வருஷம்தான்" என்றார்.

எங்கள் ஊரில் சிறப்பு கிராம சபை கூடும் நாளைப் பிடித்தேன். கூட்டம் தானாக வரும். அந்தக் கால மாணவன் வேஷத்துக்கு நைனாவின் கல்யாணக் கோட்டு, வேட்டி, தலைப்பாகை, ஒட்டு மீசை எல்லாம் தயார். வசனத்துக்குத்தான் ஒரு பழங்காலக் குறை வேண்டியிருந்தது. அதை எங்கே போய்த் தேடுவது? ஏரிக்கரையில் உட்கார்ந்து, எதிரே உடைந்து கிடந்த மதகைப் பார்த்தே எழுதிவிட்டேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முன்வரிசையில் பேராசிரியர். நான் தொண்டையைக் கனைத்து, "மகாகனம் பொருந்திய கலெக்டர் துரை அவர்களே! எங்கள் ஏரி மதகு உடைந்து, கடைமடை நிலமெல்லாம் காய்கிறது!" என்று முழங்கினேன். ஒரே கைதட்டல். உச்சி குளிர்ந்துபோய், ப்ராஜெக்டுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று அந்தக் காகிதத்திலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

கிராம சபையில் வாசித்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கள் ஊரில் நாடகம் ஆகாது, தீர்மானம் ஆகிவிடும். (குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த சீமை. கல்வெட்டைக் காட்டியே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள்.) வாசித்தவரே அதை ஆபீசில் கொடுக்க வேண்டும் என்பதும் வழக்கம்.

கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் முனியம்மா அக்கா முதலில் எழுந்தார்.

"கெளம்பு பாப்பா. மனுவக் குடுத்துட்டு வந்துடலாம்."

"ஐயோ அக்கா, இது நாடகம். நூறு வருசத்துக்கு முன்னாடி நடந்தா மாதிரி..."

"மதகு ஒடஞ்சி கீதா இல்லியா?"

"ஒடஞ்சிதான் கீது."

"அப்பறம் இன்னா நாடகம்? ஏறு வண்டில!"

வேஷம் கலைக்கக்கூட விடவில்லை. லோடு ஆட்டோவில் என்னை ஏற்றினார்கள். பேராசிரியரையும் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள்.

ஆபீசில் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா... யாரும்மா நீங்க?"

"மாணவன் சார்" என்றேன், பழக்க தோஷத்தில். வேர்வையில் ஊறிய மீசை சரியாக மனுவின் மேல் விழுந்தது. அவர் பேனா முனையால் அதைத் தூக்கிப் பிடித்து, "இது இணைப்பா?" என்றார். பிறகு 'கலெக்டர் துரை'யைப் படித்து முகம் சிவந்தார். "ஏம்மா, இது நிஜ மனுவா, கிண்டலா?"

நாடகம் என்று சொன்னால் காகிதம் கைக்குத் திரும்பும், என் டிகிரி பிழைக்கும். எனக்கிருந்த ஒரே சாட்சி அதுதான். முனியம்மா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜம்தான் சார்" என்றேன். அன்றைக்கு நான் நடிக்காமல் பேசிய ஒரே வசனம் அது. இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அவர் 'துரை'யைப் பேனாவால் அடித்துவிட்டு, முத்திரை குத்தி, ஒரு ரசீது கொடுத்தார். ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் அதன் நகலை ஒட்டினேன். "நடிப்பு சுமார். மனு அசல்" என்று எழுதிப் பேராசிரியர் பாஸ் போட்டார்.

அந்த ரசீதைக் காட்டி இன்னும் நாலு முறை நடந்தோம். (மீசை இல்லாமல்தான்.) மதகு எழுந்தது, முனியம்மா அக்காவின் அரை ஏக்கரில் நெல் விளைந்தது. கல்லில் ஏதோ நம்பர் எழுதியிருக்கிறார்கள், ஊரில் அதற்குப் பெயர் மீசைக்காரி மதகு.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நைனா என் பட்டத்தைக் காட்டவே இல்லை. காபி குடித்த கையோடு ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த மதகைக் கைகாட்டினார்.

"நல்லா பாத்துக்கோங்க. இதான் எங்க பொண்ணோட மீச!"