பாலம் நல்லாத்தான் இருக்கு

சாயாக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தை நடத்துவது சுலபம். எங்கள் ஊரில் தினமும் காலையில் ஒரு மந்திரிசபையைக் கலைத்து, இன்னொன்றை அமைத்து, சாயாவுக்குச் சில்லறை கொடுத்துவிட்டுத்தான் எல்லாரும் வேலைக்குப் போவார்கள். எனக்கு அதுவும் வராது. கலைக்கும்போது தலையாட்டுவேன், அமைக்கும்போதும் தலையாட்டுவேன். பத்தாம் வகுப்போடு நின்றவன், அதோடு கூச்சக்காரன். கண்டக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். (அந்த ஸ்டாப்பிலும் வேறு யாராவது இறங்கினால்தான்.)

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் எங்கள் தெரு, கிராம சபையில் பேச அனுப்பியது.

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். தெருவுக்குள் நுழைய ஒரு சானலைத் தாண்ட வேண்டும். (பாசனக் கால்வாயை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். டிவியில் வருவது வேறு.) அதன்மேல் இருந்த சின்னப் பாலம் ஒரு மழையில் பாதி இடிந்து விழுந்தது. விழுந்த பாதிக்குத் தென்னந்தடியைப் போட்டு நடந்தோம். ஆட்டோ வராது. கேஸ் சிலிண்டரை அக்கரையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். என் மனைவி செல்வபாய் வீட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். சரக்கெடுக்க வண்டி வர முடியாததால் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

நாங்கள் மனு கொடுக்காமல் இல்லை. சானல் ஒரு துறைக்குச் சொந்தம், அதற்குமேல் போகும் ரோடு பஞ்சாயத்துக்குச் சொந்தம். தண்ணீர்க்காரர்கள் ‘அது ரோடு’ என்றார்கள். ரோட்டுக்காரர்கள் ‘அது தண்ணீர்’ என்றார்கள். நடுவில் கால் வழுக்கி விழுகிறவன் எந்தத் துறையிலும் சேர்த்தி இல்லை. ஒருவழியாகத் தண்ணீர்க்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று சொன்னபோது, பஞ்சாயத்தில் அந்த வருஷம் ஒரே ஒரு பாலத்துக்குத்தான் பணம் இருந்தது. சுதந்திர தினக் கிராம சபையில் கேட்டுத் தீர்மானம் போடுகிற தெருவுக்கு அது கிடைக்கும். மேலத்தெருக்காரர்களும் ஒரு இடிந்த பாலத்தோடு தயாராக இருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஐசக் அண்ணன் ஒரு கட்சி, எதிர்வீட்டுக்காரர் இன்னொரு கட்சி. யார் எழுந்தாலும் மற்றவர் எதிர்ப்பார்.

“தங்கராஜ் பேசட்டு. அவன்மேல யாருக்கும் ஒரு பகையும் இல்ல பாத்துக்க” என்றார் ஐசக் அண்ணன். (வாயே திறக்காதவன்மேல் பகை எப்படி வரும்?)

“நான் பேசட்டா அண்ணா?” என்று கேட்டாள் செல்வபாய்.

“நீ ஆள் எண்ணிக்கைக்கு வந்து இருந்தா போதும் மக்கா.”

ஒரு வாரம் தோட்டத்தில் வாழைகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். ஒரு வாழைகூட எதிர்த்துப் பேசவில்லை. அதிகாரி முறைத்தால் என்ன சொல்வது, அதட்டினால் என்ன சொல்வது, ‘அப்புறம் பாக்கலாம்’ என்றால் எப்படிக் குரலை உயர்த்துவது என்று எல்லாவற்றுக்கும் தயாரானேன்.

அன்றைக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாயில் போட்டுக்கொண்டேன். கூட்டம் தொடங்கியதும் மைக் நேராக என்னிடம் வந்தது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி இளவயதுப் பெண். என்னைப் பார்த்துச் சிரித்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது. அன்பாகக் கேட்டால் என்ன செய்வது என்று நான் பழகவே இல்லை.

“வாங்க ஐயா, நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேன் மேடம்.” (இதோடு உட்கார்ந்திருக்கலாம்.)

“தண்ணி ஒழுங்கா வருதா?”

“வருது மேடம்.”

“தெரு லைட்டு?”

“எரியுது மேடம்.” பகலிலும் எரியும். அதைச் சொல்லவில்லை.

“உங்க தெருப் பாலம் ஏதோ சரியில்லன்னு சொன்னாங்களே?”

வாழைகளிடம் பேசியது எல்லாம் தொண்டைவரை வந்தது. அங்கே மிட்டாய் நின்றுகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். லீவு நாளில் வந்திருக்கிறார், எத்தனை பேருடைய குறையைத்தான் கேட்பார், பாவம்.

“பாலம் நல்லாத்தான் இருக்கு மேடம்.”

ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கச் சொன்னது.

“அப்போ குறை எதுவும் இல்ல?”

“ஒரு குறையும் இல்ல மேடம். நீங்க சுகமா இருக்கியளா?”

“எலே, பாலத்தச் சொல்லுலே!” என்று பின்னாலிருந்து ஐசக் அண்ணன் பல்லைக் கடித்தார்.

“சொல்லியாச்சு அண்ணா” என்றேன். அதுவும் மைக்கில்.

மேலத்தெருக்காரர் எழுந்து தங்கள் பாலத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் பஞ்சாயத்துத் தலைவர். அத்தனை பெரிய மனிதர் தூக்கச் சொல்லும்போது சும்மா இருப்பது மரியாதையா? முதல் கை என்னுடையது.

பெண்கள் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சென்று பின்னால் போனது.

“மேடம், அந்த ஆளு சொல்லுகது ஒண்ணும் உண்மையில்ல!”

“நீங்க யாரும்மா?”

“அவருக்க பெண்டாட்டியாக்கும்!”

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. செல்வபாய் தென்னந்தடியையும் சிலிண்டரையும் சிப்ஸையும் சொன்னாள். அதிகாரி கவனமாகக் கேட்டார்.

“புரியுதும்மா. ஆனா தீர்மானம் நிறைவேறிடுச்சே. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லுகதுக்குத்தான் இவர அனுப்பினோம்.”

வீட்டுக்குப் போகும்போது தடிமேல் நான் முன்னால், அவள் பின்னால். தள்ளிவிடாததே பெரிய காரியம்.

அதற்குப் பிறகு தெருவில் யாருமே தங்கள் சிலிண்டரைச் சுமக்கவில்லை. “பாலம்தான் நல்லா இருக்கே, நீயே கொண்டு வா மக்கா” என்று ஐசக் அண்ணன் சொன்னதைத் தெரு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊரில் உடனே அமலுக்கு வந்த ஒரே தீர்மானம் அதுதான். மறு வருஷம்வரை எல்லா வீட்டுச் சிலிண்டரையும் நான்தான் சுமந்தேன். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குத் தெரியாதே.

மறு வருஷம் பேசியது செல்வபாய். கேட்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அவள் இடைவெளி விடவும் இல்லை. பாலம் வந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு அவளையே உறுப்பினராக்கியது. இப்போது கிராம சபையில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, “வேற யாருக்காவது குறை உண்டுமா?” என்று கேட்பாள். சனம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் தரையைப் பார்ப்பேன்.

வீட்டிலும் எனக்கு ‘நல்லா’ என்கிற வார்த்தை பறிபோய்விட்டது. போன வாரம் துபாயிலிருந்து மருமகன் கூப்பிட்டு, “மாமா, சுகமா இருக்கியளா?” என்று கேட்டான்.

“நல்லா இருக்கேன் மக்கா” என்றேன்.

செல்வபாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

“மக்கா, இது பாலம் நல்லா இருக்குன்னு சொன்ன ஆளாக்கும், நம்பாத. நேத்தையிலேருந்து காய்ச்சலு.”