உங்கள் அப்பாவைக் காணவில்லை, பயப்பட வேண்டாம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் நடுக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். தங்கள் நலமும், அண்ணியின் நலமும், தங்கள் ரத்த அழுத்தத்தின் நலமும் அறிய ஆவல். முக்கியமாகக் கடைசியில் சொன்னது. மாத்திரை போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

உங்கள் அப்பாவை, அதாவது என் மாமனாரை, இன்று மதியத்திலிருந்து காணவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போலீஸ் இன்ஸ்பெக்டர். உங்கள் "ஹலோ"வைக் கேட்டாலே செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுவேன். கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று நாளாகும். அதற்குள் மாமா கிடைத்துவிடுவார், இல்லாவிட்டால் நானும் காணாமல் போயிருப்பேன்.

எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் இன்று முதியோர் விழா. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று உங்கள் தங்கை என்னைத் தன்னார்வலர் பட்டியலில் சேர்த்துவிட்டாள். மேடைக்குப் பின்னால் திரை இழுப்பது, டீ ஊற்றுவது, யாராவது மூக்குக்கண்ணாடியைத் தேடினால் அவர் நெற்றியிலிருந்தே எடுத்துக் கொடுப்பது, இவைதான் வேலை. அதோடு விட்டிருக்கலாம். ஒருங்கிணைப்பாளர் அம்மா, முன்னாள் தலைமை நர்ஸ், கழுத்தில் விசில் மாட்டியிருப்பவர், "சார், முப்பத்தொரு வருஷம் கிடங்குல ஸ்டோர் கீப்பரா இருந்தவரு நீங்க. பன்னிரண்டு சக்கர நாற்காலி, பன்னிரண்டு பெரியவங்க. வேன்ல ஏத்தி அவங்கவங்க வீட்டுக்கு அனுப்புறது உங்க பொறுப்பு" என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணும் முகவரியும் எழுதிய சீட்டுகளை நாற்காலிகளின் முதுகில் கட்டினேன். நாற்காலியில்தான் கட்டினேன், ஆளிடம் கட்டவில்லை. கிடங்கில் சீட்டை அடுக்குப் பலகையில்தான் ஒட்டுவோம், சரக்கில் ஒட்டமாட்டோம். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சரக்குகூட எழுந்து பக்கத்துப் பலகைக்குப் போனதில்லை.

மாமா ஏழாம் எண். மெல்ல நடப்பார், வெளியே போகத்தான் நாற்காலி. விழா முடியும்போது மழை தூறியது. பன்னிரண்டு பேரையும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறப் போர்வையால் தலையோடு மூடி, சீட்டைப் பார்த்து ஏற்றினோம். டிரைவரும் சீட்டைப் பார்த்தே இறக்கினார். உங்கள் தங்கை வேலைக்குப் போயிருந்ததால் டிரைவரிடமே வீட்டுச் சாவியையும் கொடுத்திருந்தேன். கூடத்தைப் பெருக்கிவிட்டு இரண்டு மணிக்கு வீடு வந்து, "மாமா, டீ போடவா?" என்று போர்வையை விலக்கினால், உள்ளே வேறு ஒருவர்!

"ஐயா, நீங்க யாரு?"

"டீ போடுறேன்னீங்களே" என்றார் அவர்.

"உங்க வீடு எங்க இருக்கு?"

"சொன்னா கொண்டுபோய் விட்டுடுவீங்க. எனக்கு இங்கயே நல்லா இருக்கு. எங்க வீட்ல டிவி ரிமோட் என் கைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

பெயரும் சொல்லவில்லை. ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் சொன்னால் தெரு முழுக்கக் கேட்கும்படி விசில் ஊதிவிடுவாரோ என்று பயந்து, மற்ற பதினொரு வீடுகளுக்கும் நானே போன் செய்தேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "வந்தாச்சுங்க, உள்ள படுத்திருக்காங்க." கொஞ்சம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டால், "முகத்துல பார்க்க என்ன இருக்கு? அதான் வந்தாச்சே!" என்று வைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு பேர் போனார்கள், பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள், எண்ணிக்கையில் குறையே இல்லை, ஆள்தான் மாறிவிட்டார். ஏழு வீடுகளுக்கு நேரிலும் ஓடினேன். இரண்டு வீட்டில் கதவே திறக்கவில்லை, ஒரு வீட்டில் நாய் மட்டும் வந்தது. இன்னும் நாலு வீடு பாக்கி. மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இப்போது மணி ஐந்தேகால். உங்கள் தங்கை ஆறு மணிக்கு வந்துவிடுவாள். மூன்று மணிக்குப் போட வேண்டிய மாமாவின் சர்க்கரை மாத்திரை என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கொரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பதினைந்து நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் அவரை விட்டுப்போய் எட்டு மாதமாகிறது. குறையாகச் சொல்லவில்லை. இந்த எட்டு மாதத்தில் பேப்பரைப் பிரித்ததும் பாதியை அவரிடம் நீட்டிப் பழகிவிட்டேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், உங்களுக்குப் பதில் சொல்வது இருக்கட்டும், எனக்கே என்ன சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். என்னைக் கைது செய்ய வரும்போது சாதாரண உடையில் வரவும், எதிர்வீட்டுக்காரர் எதற்கும் ஜன்னலைத் திறப்பவர்.

தங்கள் மன்னிப்பை மட்டுமே நம்பியிருக்கும்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மகனே, இதை எழுதுவது உன் அப்பா. டாக்ஸி பிடித்து வந்து பத்து நிமிடமாகிறது. கதவைத் திறந்த மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, மாத்திரை போடத் தண்ணீர் எடுக்க ஓடியிருக்கிறார். அதற்குள் இந்தக் கடிதத்தைப் படித்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் திரை இழுத்துக்கொண்டிருந்தபோது நானும் இந்த நண்பரும் பேசிவைத்துத்தான் நாற்காலி மாறினோம். யார் வீட்டில் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு பந்தயம். இங்கே போர்வையை விலக்கிய உடனே கண்டுபிடித்துவிட்டார். நண்பர் வீட்டில் நான் மூன்று மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தேன். யாரோ வந்து போர்வைக்குப் பக்கத்தில் டீயை வைத்து, "ஆறிடப் போகுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்றதும் நண்பர் டிவியை அணைத்துவிட்டு ரிமோட்டை என்னிடம் நீட்டினார். பிறகு, மகனே, உன் வீட்டிலும் இந்தப் பந்தயத்தை ஒரு தடவை வைத்துப் பார்ப்போமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.