தூங்கிப் பார்த்த பங்களாக்கள்

எல்லோரும் ஊரைக் கண்ணால் சுற்றிப் பார்ப்பார்கள். ஆம்பூரில் ஒரே ஒருவர்தான் தூங்கிச் சுற்றிப் பார்த்தார். தோல் ஷாப்புகளுக்குத் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையைக் காட்டிலிருந்து எடுத்துத் தரும் வியாபாரி அவர். எங்களுக்குத் தூக்க சாய்பு.

நான் அப்போது ஒரு ஷாப்பில் குமாஸ்தா. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து இருமல் பிடித்துக்கொண்டது. "மலைக்காத்து பட்டா சரியாப்பூடும், வாங்க தம்பி" என்று சாய்பு ஏலகிரிக்குக் கூட்டிப் போனார். மேலே ஏரி. அதைச் சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் எப்போதோ கட்டிய மரக் குடில்கள், பழைய பங்களாக்கள், மலைக்காரர்களின் கூரை வீடுகள். எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொன்னார்.

காட்டவில்லை. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

"இன்னா பாய் இது?"

"வூட்ட கண்ணால பாத்தா இன்னா தெரியும் தம்பி? தூங்கிப் பாக்கணும்."

பாதிரியார் குடிலில் கால் மணி நேரம் தூங்கிவிட்டு, "காத்து ஜாஸ்தி, கனவு கம்மி" என்றார். வேட்டைக்கார துரை கட்டிய குடிலில், "கண்ண மூடுனா சிறுத்தையா வருது, பேஜார்" என்று எழுந்து வந்துவிட்டார். மலைக்காரர்கள் அவர் தலையைக் கண்டதும் பாயை விரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஏரி மேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்து நின்றதில், நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியாக ஏரிக்கரையில் காட்டிலாகா பங்களா. காவல்காரர் கோவிந்தன் பயந்துகொண்டே கதவைத் திறந்தார். சாய்பு காட்டிலாகா துரையின் கட்டிலிலேயே படுத்தார். பத்து நிமிஷத்தில் குதிரைச் சத்தம். அடுத்த வாரம் வரவேண்டிய காட்டிலாகா துரை அன்றே வந்து இறங்கிவிட்டார்.

"வேல போச்சு சாமி. நாலு புள்ளைங்க" என்றார் கோவிந்தன். நான் சாய்பைத் தட்டினேன், உலுக்கினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். "மழை வருது" என்று புரண்டு படுத்தார்.

துரை கட்டிலருகே வந்து பூட்ஸால் தரையைத் தட்டிய பிறகுதான் கண் திறந்தார். கோவிந்தன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பதற்றமே இல்லாமல் சொன்னார்: "காவல்காரரு தண்ணி எடுக்கப் போயிருந்தாரு தொரை. நாந்தான் ஜன்னல் வழியா பூந்தேன்."

அவர் உடம்புக்கு அந்த ஜன்னலில் ஒரு கால் நுழைந்தாலே அதிசயம். துரை ஜன்னலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சாய்பு காட்டில் பட்டை எடுக்கும் அனுமதிச் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். அந்த வருஷ வியாபாரம் அதோடு முடிந்தது.

"ஏன் பாய் இப்படி?" என்றேன் வெளியே வந்ததும்.

"கதவத் தொறந்துவுட்ட மனுஷன் மாட்டக் கூடாதில்ல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆம்பூர்ல எனக்குத் தூக்கமே வர்றதில்ல தம்பி. வூட்ல அவ போனதிலருந்து."

இறந்துபோன மனைவியைப் பற்றி அவர் பேசி அன்றுதான் கேட்டேன். கூடவே நடந்தேன்.

கோவிந்தன் பின்னாலேயே ஓடி வந்து எங்களைத் தன் குடிசைக்கு அழைத்துப் போய்ப் பாய் விரித்தார். சாய்பு படுத்தார், உடனே தூங்கிப்போனார். பொழுது சாய்வதற்குள் மலை இறங்கியாக வேண்டும்.

"எழுப்பட்டுங்களா?" என்றார் கோவிந்தன்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு, ஆடுகள் உள்ளே நுழையாதபடி வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.